வீட்டுக்குக் கொண்டுவந்த மெயில்கள்

அனந்தராமன் பாலாநகரில், விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். கும்பகோணத்தில் டிப்ளமோ முடித்த கையோடு ஹைதராபாத்துக்கு ரயிலேறி வந்து, ஓய்வு பெறும்வரை அந்த ஒரே பிரிவில் இருந்தார். பதவி உயர்வு கொடுத்து வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தபோதும் நகரவில்லை. "இங்கதான் பொய் சொல்ல முடியாது. மீட்டர் முள் எங்க நிக்கறதோ அதுதான் கணக்கு" என்பார்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனையில் தேறாத பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். கட்டிவிட்டால் மட்டும் போதாது. அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள், இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் சுத்தியலால் நசுக்கவோ ரம்பத்தால் அறுக்கவோ வேண்டும். ஓரமாக எடுத்து வைத்த பாகம், என்றைக்காவது அவசரக்காரன் ஒருவன் கையில் அகப்பட்டு, மறுபடி விமானத்துக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. கழித்ததைக் கையோடு உடைப்பது அந்தத் தொழிலின் அடிப்படை. யாருக்கும் அதில் விலக்கு கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அந்தப் பழக்கத்திலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. கொண்டாப்பூர் ஃப்ளாட்டில் காலாவதியான மாத்திரைகள் பொடியாகித்தான் குப்பைக்குப் போகும். பழைய இஸ்திரிப் பெட்டி என்றால் ஒயரை நறுக்கிவிட்டுத்தான் வெளியே வைப்பார். ஒருமுறை மனைவி நீலாவின் தேய்ந்த செருப்பின் வாரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, இந்தச் செருப்பு எந்த விமானத்துல போய் மாட்டிக்கப் போறது?"

"பழக்கம்."

"நல்ல வேளை, எனக்குச் சிவப்பு அட்டை கட்டலை" என்றாள் நீலா.

அவர்களுக்கு ஒரே பெண், ஹம்ஸினி. எஞ்சினியரிங் படித்து, நகரத்திலேயே ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அனந்தராமனுக்கு அதைவிடப் பெரிய பெருமை இல்லை. சில வருடங்களில் அவளுக்கு நெதர்லாந்தில் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அவளுடைய மேலதிகாரி அனந்தராமனுக்குத் தெரிந்தவர், கோயில் கமிட்டிப் பழக்கம். அனந்தராமன் அவர் வீட்டுக்குப் போய், "கொஞ்ச நாள் கையெழுத்துப் போடாம வெச்சிருங்கோ சார். குழந்தை யோசிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவரும் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். அங்கே சேர வேண்டிய தேதி நெருங்கி, இங்கே வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் வராமல் ஹம்ஸினி தவித்து, கடைசியில் விஷயம் வெளியே வந்தது.

"என் லெட்டர் அது. என் முதுகுக்குப் பின்னால போய் அதை நிறுத்தி வெச்சிருக்கே" என்றாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். போய்விட்டாள். அங்கேயே கல்யாணம் ஆயிற்று, ஒரு பையன் பிறந்தான், கிருஷ்ணா என்று பெயர் வைத்தாள். எல்லாமே அவருக்கு நீலா வழியாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோன் வரும். மணி அடித்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கிவிடுவார். வீட்டில் கறிவேப்பிலைக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

ஃபோனில் ஹம்ஸினி அவசரக்காரி. நிதானமெல்லாம் எழுத்தில்தான். அம்மாவுக்கு நீளநீளமாக மெயில் எழுதுவாள். பாதி இங்கிலீஷ், பாதி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கூடவே பையன் பேசிய ஒலிப்பதிவோ வீடியோவோ இருக்கும். நீலா பதில் எழுதுகிறவள் இல்லை. பதிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாய்வழியாகத்தான். ஆனால் மெயில்களைத் திரும்பத் திரும்பப் படிப்பாள், சில வாரப் பத்திரிகைத் தொடர்களை அந்தக் காலத்தில் படித்த மாதிரி.

ஒருநாள் நீலாவின் மெயில் கணக்கு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. இனி வரும் மெயில்கள் திருப்பி அனுப்பப்படலாம் என்றிருந்தது. நீலா கலங்கிப்போனாள். மேல் வீட்டு ரோகிணி வழி சொன்னாள். நாகர்கோவில்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"அங்கிள், மாசாமாசம் ஏதோ கொஞ்சம் கட்டினா இடம் கூட்டித் தருவாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"நக்கோ" என்றார் அனந்தராமன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் அவர் நாக்கில் விட்டுப்போன சொல் அது. "எம் பொண்ணு எழுதறதை எவனோ ஒருத்தன் கோடௌன்ல வெச்சுட்டு, வாடகை குடுத்துண்டு இருக்கணுமா? வீட்டுக்கே கொண்டுவந்துடறேன்."

எம் பொண்ணு என்று அவர் வாய்விட்டுச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. நீலா நிமிர்ந்து பார்த்தாள்.

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்ட சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். தூசி தட்டி, விசிறியை மாற்றி, புது டிஸ்க் இரண்டு பொருத்தினார். லினக்ஸ் இயங்குதளம் அவருக்குப் புதிதல்ல. ஓய்வுக்குப் பிறகு, படித்தும் தப்புப் பண்ணியும் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். மெயில் சர்வர்தான் புதிது. வெளியே இருக்கும் கணக்கிலிருந்து மெயில்களை இழுத்து வர ஒரு நிரல். அவற்றை வாங்கி அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க இன்னொரு நிரல். கையேட்டை அச்சடித்து, கோடு போட்டுப் படித்தார். ஒரு வரி புரியாமல் அடுத்த வரிக்குப் போகவில்லை.

இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல அமைத்தார். ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். விமானத்தில் முக்கியமான கருவி எதுவும் ஒற்றையாக இருக்காது. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். அதே கணக்கு. பிறகு, அழிக்கப்படும் மெயிலை என்ன செய்வது என்று கையேடு கேட்டது. குப்பைத் தொட்டியில் கொஞ்சகாலம் வைத்திருக்கலாம், அல்லது உடனே நிரந்தரமாக நீக்கலாம். அந்த இடத்தில் அவர் யோசிக்கவே இல்லை. கழித்ததை ஓரமாக வைப்பதாவது? உடனே நீக்கு என்று எழுதினார். டிஸ்க்கில் அந்த இடத்தையும் உடனுக்குடன் துடைத்துவிடு என்று இன்னொரு வரி சேர்த்தார். சுத்தமாக இருந்தது.

மெயில்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சரிபார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்கிறவர் இல்லை அவர். ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்து உடையாமல் இருக்கிறதா, படம் வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தார். முதல் நாள் மேலோட்டமாகத்தான் பார்த்தார். ஒரு ஒலிப்பதிவைத் திறந்ததும் ஒரு சின்னக் குரல், "பாட்டி, எனக்கு இன்னிக்கு பல் விழுந்துடுத்து" என்றது. ஒலி சரியாக வருகிறது. அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அவர் மறுபடி அதையே போட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகு சோதனை நின்று நிதானமாக நடந்தது. காலையில் காப்பி ஆனதும் உட்கார்ந்துவிடுவார். ஹம்ஸினி சைக்கிளில் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தது. மழையில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறாள். புளிக்காய்ச்சல் சரியாக வராமல் மூன்று தடவை செய்திருக்கிறாள். ஒரு மெயிலின் கடைசியில், வேறெதையோ எழுதிக்கொண்டு வந்தவள், 'அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு' என்று கேட்டிருந்தாள். அப்பா என்று எழுதவில்லை. இருந்தாலும் கேட்டிருந்தாள்.

இன்னொரு கொத்து மெயில்கள் அவரைத் தூக்கிப்போட்டன. கம்பெனியில் ஆட்குறைப்பு செய்ததில் ஹம்ஸினிக்கு வேலை போயிருக்கிறது. அப்போது கிருஷ்ணா வயிற்றில். மாதக்கணக்கில் வேலை இல்லாமல் அலைந்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருந்தது: 'இது உனக்கு மட்டும். அவர்கிட்ட சொல்லாதே. அன்னிக்கே சொன்னேனேன்னு அவர் ஆரம்பிச்சா என்னால தாங்க முடியாது.'

அப்படிச் சொல்லும் எண்ணமே அவருக்கு எழவில்லை. ஆனால் எழவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

நீலா காப்பியைப் பக்கத்தில் வைத்தாள். "டெஸ்டிங் இன்னும் முடியலையா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு."

"பத்து தடவை வேணாலும் பண்ணுங்கோ. கெட்டுப்போற பண்டமா என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், வெளியே இருந்த கணக்கைக் காலி செய்தார். அங்கே இருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். நீலாவின் ஃபோனை வீட்டுச் சர்வரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். "இனிமே எல்லாம் வீட்டுப் பெட்டிலதான் இருக்கு. ஃபோன்ல நீ பாக்கறது சும்மா ஒரு தோற்றம், அவ்வளவுதான்" என்று விளக்கினார். நீலா தலையாட்டினாள். பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள்.

மாதங்கள் நல்லபடியாகப் போயின. புது மெயில் வந்தால் வெளிக் கணக்கில் தங்காமல் பெட்டிக்கு வரும், பிறகு நீலாவின் ஃபோனில் மணி அடிக்கும். அவரும் வழக்கம்போல் சோதனை செய்வார்.

ஒருநாள் காலை அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, நீலா ஃபோனைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். முகத்தில் ஒரு வேலையை முடித்த திருப்தி.

"இடம் இல்லை இடம் இல்லைன்னு நாலு நாளா இந்த ஃபோன் உயிரை எடுத்துண்டு இருந்தது. இன்னிக்கு ஒரு வழி பண்ணிட்டேன். மெயிலையெல்லாம் மொத்தமா எடுத்துட்டேன்."

அவர் தாளை இறக்கினார். "எதுலேர்ந்து எடுத்தே?"

"ஃபோன்லேர்ந்துதான். வீட்டுப் பெட்டில எல்லாம் இருக்கே. நீங்கதானே சொன்னேள்?"

அவர் எழுந்து போய்த் திரையைத் திறந்தார். உள்பெட்டி வெறுமையாக இருந்தது. ஃபோனில் அழித்தது, சர்வருக்கு அழிக்கச் சொன்ன உத்தரவு. சர்வர் அதை வாங்கி, அவர் எழுதி வைத்தபடியே உடனே நிரந்தரமாக நீக்கிவிட்டது. ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்கும் என்று வைத்த இரண்டாவது டிஸ்க், முதலாவது அழித்ததை ஒழுங்காகத் தானும் அழித்திருந்தது. எல்லாம் சொன்ன வேலையைச் செய்திருந்தன. எதன் மேலும் குற்றமில்லை.

"என்னன்னா? ஏன் இப்படி நிக்கறேள்?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் இரு."

பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீலா அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவளாகவே புரிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாமா?" என்றாள்.

மேலே போய் ரோகிணியைக் கூப்பிட்டு வந்தார். அவள் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்த இரண்டு வரிகளில் நின்றாள்.

"அங்கிள், குப்பைத் தொட்டியே வைக்கலையா?"

"வைக்கலை."

"வேற எங்கயாச்சும் காப்பி? தனியா ஒரு டிஸ்க்குல?"

"ரெண்டு டிஸ்க் இருக்கேம்மா."

"அது காப்பி இல்ல அங்கிள். ஒரே நேரத்துல ரெண்டு கையிலயும் எழுதுற மாதிரி. அழிச்சாலும் ரெண்டு கையிலயும்தான் அழியும்." சொல்லிவிட்டு நீலாவைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "செகந்திராபாத்துல அழிஞ்சதை மீட்டுத் தர்ற ரெக்கவரிக்காரங்க இருக்காங்க. ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றாள். நம்பிச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

கம்ப்யூட்டர் கடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், ரெக்கவரிக் கடைக்காரர் டிஸ்க்குகளை மாட்டிப் பார்த்தார். வயதானவர். அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சாப், உடனே துடைக்கச் சொல்லி யார் போட்டது?" என்று தக்கனி ஹிந்தியில் கேட்டார்.

"நான்தான்."

"கைக்கு?"

எதற்கு என்ற அந்தக் கேள்விக்கு அனந்தராமனிடம் பதில் இருந்தது. பாலாநகர், சிவப்பு அட்டை, சுத்தியல் என்று விளக்கியிருக்கலாம். அந்த மனுஷருக்குப் புரிந்தும் இருக்கும்.

"நக்கோ சாப். உள்ளே ஒன்றும் இல்லை" என்று டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது நீலா அழுது முடித்திருந்தாள். "என் கை உடையணும்" என்றாள்.

"உன் கை என்ன பண்ணும்? நீ தூக்கிப் போட்டதை எடுத்து வைக்காம உடைச்சது நான்."

"அவகிட்டதானே இருக்கும்? அவ அனுப்பினதுதானே?"

அது அவருக்கும் தோன்றியிருந்தது. அனுப்பியவள் கணக்கில் அனுப்பியவை இருக்கும். கேட்டால் மறுபடி அனுப்பலாம்.

"நீ கேளேன்" என்றார்.

"கேப்பேன். எப்படிப் போச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? எனக்கு இந்த சர்வர் கிர்வரெல்லாம் சொல்ல வராது. அப்பா ஏதோ பண்ணினார், எல்லாம் போயிடுத்துன்னுதான் சொல்ல வரும். அதைக் கேட்டா அவ என்ன நினைப்பா?" நீலா சற்று நிறுத்தினாள். "வேணும்னே பண்ணினதா நினைப்பா. நீங்களே சொல்லுங்கோ. நடந்தது நடந்தபடி உங்களாலதான் சொல்ல முடியும்."

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது அவர் பையை எடுக்கவில்லை. நீலா நலம் விசாரித்துவிட்டு, "அப்பா ஒண்ணு கேக்கணுமாம்" என்று சொல்லி, மறுபக்கம் பதில் வருவதற்குள் ஃபோனை அவர் கையில் வைத்தாள்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன?" என்றாள் ஹம்ஸினி.

அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார். கணக்கு நிரம்பியது, பெட்டி அமைத்தது, தான் எழுதிய வரி, அம்மா ஃபோனில் அழித்தது. தவறு யாருடையது என்பதைத் தெளிவாகச் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உன்கிட்ட அனுப்பினதெல்லாம் இருக்குமோல்லியோ? மறுபடி அனுப்பினா போதும். எல்லாத்தையும் தேட முடியலைன்னாலும் முக்கியமா அந்தப் பல் விழுந்த ஒலிப்பதிவு. அப்புறம் குழந்தை பனியில விளையாடற வீடியோ ரெண்டு. அதுக்கு முன்னாடி, உனக்கு வேலை போய் நீ எழுதின அந்தக் கொத்து, அது தேதிவாரியா..."

சொல்லி முடிக்குமுன்பே என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எதிரே நீலா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். நீலா கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். ஆனால் அப்படிச் சொன்னால், ரகசியம் காத்த நீலா வாக்குத் தவறியவள் ஆவாள்.

"படிச்சேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமாம். சரியா வந்திருக்கான்னு பாக்கறதுக்காகத்தான் முதல்ல திறந்தேன். அப்புறம் படிச்சேன்."

"அம்மாவுக்கு எழுதினது அது."

"தெரியும்."

"தெரிஞ்சும் படிச்சிருக்கே. அப்பவும் என் லெட்டர். இப்பவும் என் லெட்டர்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் ஏன் மறுபடி அனுப்பணும்? யாருக்கு அனுப்பணும், சொல்லு."

அவள் பேச்சையும் குழந்தையின் குரலையும் கேட்க வேறு வழி இல்லாமல் இருந்தது என்பதுதான் உண்மை. வேறு வழி இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று அவள் திருப்பிக் கேட்டால், அதற்கும் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றார். கடைசியில் நீலா அவர் விரல்களைப் பிரித்து ஃபோனை வாங்கிக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் கழித்து வந்து, "கோபத்துல இருக்கா. அப்புறம் பேசலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் நிற்கவில்லை. அம்மாவிடம் ஹம்ஸினி முன்போலவே பேசினாள், அவசர அவசரமாக. மெயில் மட்டும் வரவில்லை. பழையவை வரவில்லை, புதிதாகவும் எதுவும் எழுதவில்லை. நீலா ஒருமுறை சாடையாகக் கேட்டதற்கு, "எழுதத் தோணலைம்மா" என்று சொல்லிவிட்டாள்.

அனந்தராமன் பெட்டியை மறுபடி முதலிலிருந்து அமைத்தார். ரோகிணி சொன்னதுபோல் தனி டிஸ்க்கில் தினம் நகல் எடுத்தார். குப்பைத் தொட்டி வைத்தார். அதிலிருந்து எதுவும் தானாகப் போகாதபடி செய்தார். வேண்டுமென்றே ஒரு மெயிலை அழித்துவிட்டு, நகலிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தார். வந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தார். அதுவும் வந்தது. மின்சார வாரியத்திலிருந்து வந்த ரசீது அது.

ஒரு சாயங்காலம் நீலா கூடத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீலா, இதை அணைச்சுடட்டுமா? சும்மா ஓடிண்டு இருக்கு."

அவள் ஒரு காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"அணைச்சா, அவ எழுதினா எங்க வரும்?"

"வெளிக் கணக்குல இருக்கும். அங்கேர்ந்து பாத்துக்கலாம்."

"நீங்க பாக்க மாட்டேளே, அப்போ?"

"மாட்டேன்."

"இது ஓடினா?"

அனந்தராமன் திரையைப் பார்த்தார். நிரல் வெளிக் கணக்குக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தது. "இது ஓடினாலும் மாட்டேன்" என்றார்.

நீலா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் சொல்வதை நம்புகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னையே நம்பலாமா என்பதும் தெரியவில்லை.

"ஓடட்டும்" என்றாள் நீலா, நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.